போர் என்னும் பெயர்

இன்றைய பொருள் ஒரு சின்னச் சொல். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து: ‘வார்’. தமிழில் இரண்டே எழுத்து: ‘போர்’. இந்தச் சொற்கள் எங்கே பிறந்தன? பிறந்தபோது என்ன பொருள் தந்தன? திருவனந்தபுரத்துத் தெருக்களில் அவற்றின் உறவுச் சொற்கள் இன்று எந்தக் கோலத்தில் நடமாடுகின்றன? இந்த மூன்று கேள்விகளே இந்தச் சொற்பொழிவு.

முதலில் ஆங்கிலச் சொல். அது ஆங்கிலேயரின் சொந்தச் சொத்து அன்று என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அவர்களுடைய மூதாதையரிடம் போருக்குச் சொல் இல்லாமலா இருந்தது? இருந்தது. ஒன்றல்ல, பல. ‘விக்’, ‘கூத்’, ‘ஹில்ட்’ என்று பழைய ஆங்கிலப் பாட்டுகளில் கொட்டிக் கிடக்கின்றன. அவை இன்று எங்கே? பெண்களின் பெயர்களுக்குள் போய் ஒளிந்துகொண்டன. ஹில்டா, மட்டில்டா என்ற பெயர்களில் ‘ஹில்ட்’ இருக்கிறது. எடித் என்ற பெயரின் பின்பாதியில் ‘கூத்’ இருக்கிறது. பிள்ளைக்கு எடித் என்று ஆசையாகப் பெயர் வைக்கும் எந்தத் தாய்க்கும் அதற்குள் ஒரு வாள் உறங்குவது தெரியாது.

1066இல் நார்மாண்டியிலிருந்து வந்த படை இங்கிலாந்தைப் பிடித்தது. அரண்மனையின் மொழி பிரெஞ்சு ஆயிற்று. பீட்டர்பரோ மடத்துத் துறவிகள் ஆண்டுதோறும் நடந்ததை எழுதிவைத்த நாளாகமம் ஒன்று உண்டு. அதில் 1140ஆம் ஆண்டுக்குரிய பகுதியில், ஸ்டீபன் மன்னருக்கும் செஸ்டர் பிரபுவுக்கும் மூண்ட பகையைச் சொல்லும் இடத்தில், இந்தப் புதிய சொல் வந்து அமர்ந்திருக்கிறது. ஆங்கில எழுத்தில் அதன் முதல் தடம் என்று அகராதிகள் காட்டும் இடம் அதுதான். வட பிரெஞ்சு வழக்கில் அது ‘வெர்ரே’. அதற்கும் பின்னால் போனால், பிராங்க் மக்களின் ஜெர்மானிய மொழியில் ‘வெர்ரா’.

வெர்ரா என்றால் என்ன? வெட்டா? கொலையா? வெற்றியா? மூன்றும் இல்லை. குழப்பம். நூல்கண்டு சிக்குப் போட்டுக்கொள்வதைப் போன்ற குழப்பம். ஜெர்மன் மொழியில் குழப்பிவிடுவதற்கு இன்றைக்கும் ‘ஃபெர்விர்ரன்’ என்கிறார்கள். அது இதே வேரின் கிளை. ‘இன்னும் மோசம்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் இந்தக் குடும்பத்ததே என்று கருதும் அறிஞர் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சண்டையைக் கண்ணால் கண்ட மக்கள் அதற்கு வீரம் என்று பெயரிடவில்லை, சிக்கல் என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயரில் உள்ள நேர்மை வியக்கத்தக்கது.

இன்னொரு வியப்பு. லத்தீன் மொழியின் பிள்ளைகளான இத்தாலியமும் ஸ்பானியமும் பிரெஞ்சும் தாய்வீட்டுச் சொல்லைக் கைவிட்டுவிட்டு இந்த ஜெர்மானியச் சொல்லை எடுத்துக்கொண்டன. தாய்வீட்டுச் சொல் ‘பெல்லும்’. அழகைக் குறிக்கும் ‘பெல்லுஸ்’ என்ற சொல்லோடு அது ஒலியில் இடித்துக்கொண்டது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அழகும் போரும் ஒரே ஒலியில் இருக்கக் கூடாது என்று மக்களின் நாக்கு முடிவு செய்திருக்கலாம். இத்தாலியத்தில் ‘குவெர்ரா’, ஸ்பானியத்தில் ‘கெர்ரா’. ஸ்பெயினில் 1808 முதல் நெப்போலியன் படையை மலையிலும் காட்டிலும் மறைந்து தாக்கியவர்களின் சண்டைக்குக் ‘குட்டிப் போர்’ என்ற பொருளில் ‘கெரில்லா’ என்று பெயர். தமிழ்ச் செய்தித்தாள்கள் நாள்தோறும் எழுதும் கெரில்லா அதுவே.

இப்போது ஓர் எச்சரிக்கை. ‘வார்’, ‘போர்’ இரண்டும் காதுக்கு நெருக்கமாக இருக்கின்றன. தமிழிலிருந்தே ஆங்கிலத்துக்குப் போயிற்று என்று மேடைகளில் கைதட்டல் வாங்குவது எளிது. ஆனால் சொல்லுக்கு வழித்தடம் வேண்டாமா? ஆங்கிலச் சொல்லின் வழித்தடம் பிராங்க் நிலத்தில் தொடங்குகிறது, அதன் உட்பொருள் குழப்பம். தமிழ்ச் சொல்லின் உட்பொருள் வேறு, உறவினர் வேறு. ஒலி ஒன்றுபோல இருப்பது தற்செயல். தமிழுக்குப் பெருமை சேர்க்க இந்தத் தற்செயல் தேவையில்லை; தமிழ்ச் சொல்லுக்குள்ளே இருப்பதே போதும்.

அப்படி என்ன இருக்கிறது?

போர் என்ற பெயர்ச்சொல்லுக்குத் தாய், ‘பொரு’ என்ற வினைச்சொல். பொருதல், பொருதான், பொருத களம். சங்குமுகம் கடற்கரையில் ஆடி மாதத்தில் போய் நின்றால் இந்த வினையைக் கண்ணால் பார்க்கலாம். அலை எழுகிறது, கரையில் வந்து மோதுகிறது, திரும்புகிறது, மறுபடியும் மோதுகிறது. அதற்குப் பழந்தமிழ் சொன்ன சொல் பொருதல். மோதுவதும் பொருதல், சூதாட்டத்தில் எதிர்த்து ஆடுவதும் பொருதல், களத்தில் வாளோடு நிற்பதும் பொருதல்.

ஆனால் அதே சொல்லுக்கு இன்னொரு முகம் உண்டு. பொருதல் என்றால் ஒத்திருத்தல். நிகராதல். ‘பொருவிலா’ என்றால் ஒப்பில்லாத என்று பொருள். தொல்காப்பியம் உவமையியலில் உவம உருபுகளை வரிசைப்படுத்தும்போது, ‘போல’ என்பதோடு ‘பொருவ’ என்பதையும் வைக்கிறது. அந்தப் பட்டியலில் ‘உறழ’ இருக்கிறது, ‘மறுப்ப’ இருக்கிறது, ‘வெல்ல’ என்பதே இருக்கிறது. முகம் நிலவைப் போல இருக்கிறது என்று சொல்ல வந்த மொழி, முகம் நிலவோடு பொருதுகிறது, நிலவை வெல்கிறது என்று சொல்லப் பழகியிருக்கிறது. எதிரே நிற்க வேண்டுமென்றால் ஒத்த தகுதி வேண்டும். ஒவ்வாதவனோடு பொருதல் இல்லை. ‘பொருந்து’ என்ற சொல்லும் பக்கத்திலேயே நிற்கிறது. வேர்ச்சொல் ஆய்வாளர் இவற்றை ஒரே குடும்பமாகச் சேர்ப்பதும் உண்டு. கல்யாணத்துக்குப் பார்க்கும் பொருத்தமும் களத்தில் நடக்கும் போரும் ஒரே ஒலியில் தொடங்குவதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்தச் சொல்லுக்கு உறவினர் அண்டை மொழிகளின் வீடுகளிலும் இருக்கிறார்கள். தெலுங்கில் ‘போரு’. மலையாளத்தில் ‘போரு’. கன்னடத்தில் பகரம் ஹகரமாக மாறும், பால் ‘ஹாலு’ ஆனதைப் போல. ஆகவே தமிழின் ‘போராட்டம்’ அங்கே ‘ஹோராட்ட’. மலையாளத்தில் இந்தச் சொல் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. மருமகளை மாமியார் படுத்தும் பாட்டுக்கு ‘அம்மாயியம்மப்போரு’ என்று பெயர். வாளும் இல்லை, களமும் இல்லை, சமையலறைதான். அடிபட்டவருக்குத்தான் தெரியும் அது போரா இல்லையா என்று.

இதைப் போலவே வடமொழிச் சொற்களையும் திறந்து பார்க்கலாம். ‘சமரம்’: அதன் முதற்பொருள் ஒன்றாகக் கூடுதல், எதிர்ப்படுதல். ‘சங்க்ராமம்’: கிராமம் என்ற சொல் அதற்குள் அப்படியே இருக்கிறது. கிராமம் என்பது முதலில் கூட்டம். இரண்டு கூட்டங்கள் சேர்ந்தால் சங்க்ராமம். வேத மொழியில் போருக்கு இன்னொரு சொல் ‘கவிஷ்டி’. அதன் முன்பாதியில் இருப்பது பாட்டு எழுதும் கவி அல்லர், பசு. பசுக்கள் மேல் கொண்ட ஆசையே கவிஷ்டி.

இதைக் கேட்டதும் தமிழ் படித்தவருக்கு வெட்சித் திணை நினைவுக்கு வராமல் இருக்குமா? பகைவரின் ஆநிரையைக் கவர்வதில்தான் தமிழிலக்கணம் போரைத் தொடங்குகிறது. இது ஏட்டுக் கற்பனை என்று யாரும் ஒதுக்க முடியாது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்றில் ‘ஆகோள்’ என்ற சொல் வெட்டப்பட்டிருக்கிறது. மாடு பிடிக்கப் போன இடத்தில் இறந்த ஒருவனுக்காக நட்ட கல். அந்தக் கல்லில் நாடு, கொடி, கொள்கை எதுவும் இல்லை. ஆள் பெயர், ஊர்ப் பெயர், ஆகோள். அவ்வளவுதான்.

தமிழ் இங்கே செய்த இன்னொரு காரியம் வேறெந்த மொழியும் செய்யாதது என்று துணிந்து சொல்லலாம். போரின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பூவின் பெயரை வைத்தது. நிரை கவர்ந்தால் வெட்சி. மண் வேண்டிப் படையெடுத்தால் வஞ்சி. கோட்டையை வளைத்தால் உழிஞை. இரு படையும் நேருக்கு நேர் நின்று வலிமை காட்டினால் தும்பை. வென்றால் வாகை. சேர மரபினர் என்று கூறப்படும் ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை இந்த வரிசையை இன்னும் விரித்து, நிரை மீட்பதற்குக் கரந்தை, கோட்டை காப்பதற்கு நொச்சி என்று தனித்தனியே பெயர் தருகிறது.

இந்தப் பூக்களைப் பார்க்க எங்கேயும் போக வேண்டாம். கிழக்கேகோட்டையிலிருந்து சாலை பஜாருக்குள் நடந்தால் பூக்கடைகள். அங்கே கொத்துக் கொத்தாகச் சிவந்து கிடக்கிறதே, மலையாளிகள் ‘தெச்சி’ என்று கேட்டு வாங்குகிறார்களே, அது வெட்சி. மாடு பிடிக்கப் போன வீரன் தலையில் சூடிய பூ இன்று அம்பலத்துக்குப் போகும் மாலையில் இருக்கிறது. தும்பை அதைவிட எளியது. விரல்நுனி அளவு கூட இல்லாத வெள்ளைப் பூ, வேலியோரச் செடி, ஊதினால் உதிர்ந்துவிடும். இரண்டு பெரும்படைகள் எதிர்நின்று மடிந்த களத்துக்கு அந்தப் பூவின் பெயர். கேரளத்தில் அது ‘தும்பப்பூ’, ஓணப் பூக்களத்தின் முதல் மரியாதைக்குரிய பூ. அதே பெயரைத் தாங்கிய தும்பா கடற்கரையிலிருந்துதான் 1963 நவம்பர் 21 அன்று இந்தியா தன் முதல் ஆய்வு ராக்கெட்டை வானில் செலுத்தியது. ஒரே பெயர் களத்திலிருந்து ஓண முற்றத்துக்கும், முற்றத்திலிருந்து வானத்துக்கும் போயிருக்கிறது.

சொல்லின் பொருளுக்காகவே அறிஞர்கள் பொருத ஒரு களமும் இந்த நகரத்துக்குள் இருக்கிறது. 985இல் அரியணை ஏறிய முதலாம் இராசராசனின் கல்வெட்டுகள் அவனுடைய வெற்றிகளைச் சொல்லும்போது காந்தளூர்ச் சாலையில் ‘கலமறுத்ததை’ எடுத்துச் சொல்கின்றன. காந்தளூர்ச் சாலை என்பது இன்றைய திருவனந்தபுரத்து வலியசாலைப் பகுதி என்பது பலர் கொண்ட கருத்து. சரி, கலமறுத்தல் என்றால் என்ன? கலம் என்றால் கப்பல். ஆகவே சேரரின் கப்பற்படையை அழித்தான் என்றார்கள் ஒரு சாரார். கலம் என்றால் உண்கலமும்தான். சாலை என்பதோ மாணவர் தங்கிப் படித்து உண்ணும் கல்விக்கூடம். ஆய் மன்னன் கருநந்தடக்கன் 9ஆம் நூற்றாண்டில் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவருக்காகச் சாலை அமைத்தபோது காந்தளூரையே முன்மாதிரியாக வைத்தான் என்று செப்பேடு சொல்கிறது. அப்படியானால் இராசராசன் கப்பலை அறுக்கவில்லை, சாலையின் சோற்று உரிமையைத் திருத்தினான் அல்லது வரையறுத்தான் என்றார்கள் மறுசாரார். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை காந்தளூர்ச் சாலையைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஒரு பக்கம் கடற்போர், ஒரு பக்கம் பந்திக் கணக்கு. நடுவில் நிற்பது ‘கலம்’ என்ற மூன்றெழுத்து. ஒரு சொல்லை எப்படிப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரு போர் நடந்ததாகவும் ஆகிறது, நடக்காததாகவும் ஆகிறது.

இங்கிருந்துதான் பேச்சின் நடுப்பகுதிக்கு வர வேண்டும். சண்டைக்குப் பெயர் வைப்பவர் யார்?

1741இல் குளச்சல் கடற்கரையில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படை டச்சுக் கம்பெனியின் படையைத் தோற்கடித்தது. அதற்குக் ‘குளச்சல் யுத்தம்’ என்று பெயர். யாரும் மறுப்பதில்லை. இருபுறமும் அதிகாரம், இருபுறமும் பீரங்கி. ஆகவே யுத்தம். 1948 செப்டம்பரில் இந்தியப் படை ஐதராபாத்துக்குள் நுழைந்தது. பீரங்கி வண்டிகள் போயின. ஆனால் அதற்குப் ‘போலீஸ் நடவடிக்கை’ என்று பெயர். 1962இல் இமயத்தில் இந்தியாவும் சீனாவும் மோதின. போர் என்று இரு நாடும் முறைப்படி அறிவிக்கவே இல்லை. இப்படிப் பெயரில் தப்பித்துக்கொள்ளும் வழியை அடைக்கத்தான் 1949இன் ஜெனீவா ஒப்பந்தங்கள், அறிவித்த போருக்கு மட்டுமன்றி வேறெந்த ஆயுத மோதலுக்கும் தாங்கள் பொருந்துவதாக எழுதிவைத்தன. காயம்பட்டவனுக்கு மருந்து கிடைப்பது ஓர் அறிவிப்பைப் பொறுத்திருக்கக் கூடாது அல்லவா?

அரசுக்கும் அரசுக்கும் நடப்பது யுத்தம். அரசுக்கும் மக்களுக்கும், மேலோருக்கும் ஒடுக்கப்பட்டோருக்கும் நடப்பதற்கு என்ன பெயர்?

தென் திருவிதாங்கூரில் சாணார் பெண்கள் தோளை மறைத்து உடுத்தும் உரிமைக்காக 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதி முழுவதும் அடிபட்டார்கள். சந்தையில் அவர்களின் சீலை கிழிக்கப்பட்டது. வீடுகள் எரிந்தன. 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜாவின் அறிவிப்பு அந்த உரிமையின் ஒரு பகுதியை ஏற்றது. இந்த நெடிய வரலாற்றுக்குப் பழைய ஏடுகளில் பெயர் ‘சான்னார் லஹள’. லஹள என்றால் கலவரம், அமளி. தமிழில் ‘தோள்சீலைக் கலகம்’. கலகம் செய்தவர் யார்? சீலையைக் கிழித்தவரா, உடுத்தியவரா? பெயரைக் கேட்டால் உடுத்தியவரே கலகக்காரர் என்று தோன்றும். பிற்காலத்தில் மலையாளத்தில் அதற்கு ‘மாறு மறய்க்கல் சமரம்’ என்று பெயர் மாறியது. தமிழில் ‘தோள்சீலைப் போராட்டம்’ ஆனது. நடந்தது ஒன்றே. லஹள சமரமானதும், கலகம் போராட்டமானதும், அடிபட்டவர் பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கிய பிறகுதான்.

இங்கே இரு மொழிகளும் ஒரு சுவையான பாதையில் பிரிந்திருக்கின்றன. தமிழில் ‘சமர்’ என்றால் வாளும் வேலும் மோதும் போர். மலையாளத்தில் ‘சமரம்’ என்றால் உரிமை கேட்டு நடத்தும் கிளர்ச்சி. தமிழ்நாட்டிலிருந்து முதன்முதலாக வருபவர் தலைமைச் செயலகத்தின் முன்னால் ‘சமரப் பந்தல்’ என்று கேட்டால் திகைத்துப் போவார். போருக்குப் பந்தலா? ஆம், எம்.ஜி. சாலையோரத்தில் மூங்கில் நட்டு, பிளாஸ்டிக் விரிப்பு கட்டி, பாய் விரித்து உட்கார்ந்திருப்பதே சமரம். 2025இல் ஆஷா பணியாளர்கள் வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் அங்கே இரவு பகலாக நடத்தியதற்கு ‘ராப்பகல் சமரம்’ என்று பெயர். வாள் வடிந்து, கூடுதல் என்ற முதற்பொருள் சமரத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது.

தமிழ் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தது. போர் என்ற சொல்லோடு ‘ஆட்டம்’ சேர்த்தது. கொண்டாடு, மன்றாடு, வழக்காடு, போராடு. ஒரு நாளில் முடியாமல், திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருப்பதை ‘ஆடு’ என்ற துணைவினை காட்டுகிறது. போர் அரசன் தொடுப்பது. போராட்டம் எவரும் நடத்தலாம், வயிற்றைக் காயப்போட்டும் நடத்தலாம். 1924இல் வைக்கம் கோயில் தெருக்களில் நடக்கும் உரிமைக்காக நடந்ததைக் கேரளம் ‘சத்தியாகிரகம்’ என்று நினைவில் வைத்திருக்கிறது, தமிழ்நாடு ‘வைக்கம் போராட்டம்’ என்கிறது. திருவிதாங்கூர்த் தமிழர் தாய்த் தமிழகத்தோடு சேரக் கேட்டு நடத்தியது ‘தெற்கெல்லைப் போராட்டம்’. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின. தலைமை தாங்கிய நேசமணி ஒரு வழக்கறிஞர். படையில் சேராத அவரை மக்கள் ‘மார்ஷல்’ என்றே அழைத்தார்கள். போர் என்ற சொல் அந்தப் போராட்டத்துக்குள் இன்னும் உயிரோடு இருந்ததற்கு இந்தப் பட்டப் பெயர் சாட்சி.

பெயர்மாற்றம் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் கிடைக்கவில்லை. 1893இல் ஒடுக்கப்பட்டோரின் தலைவர் அய்யங்காளி, அவர்களுக்கு இருந்த தடையை மீறி வில்வண்டி பூட்டிப் பொதுச்சாலையில் ஓட்டினார். அது ‘வில்லுவண்டி சமரம்’. 1915இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் புலையப் பெண்கள் சாதி அடையாளமான கல்மாலைகளை அறுத்தெறிந்தார்கள். அதற்குக் ‘கல்லுமாலை சமரம்’ என்றும் பெயர், ‘பெரிநாடு லஹள’ என்றும் பெயர். இரண்டும் இன்றுவரை அருகருகே வழங்குகின்றன.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் நெய்யாற்றின்கரைப் பக்கம் ஊரூட்டம்பலம் என்று ஓர் ஊர். பஞ்சமி என்ற புலையச் சிறுமியை அய்யங்காளி அங்குள்ள பள்ளிக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். சேர்க்கக் கூடாது என்று எதிர்த்தவர்கள் பள்ளிக்குத் தீ வைத்தார்கள். அடிதடி சுற்றுவட்டாரத்துக்கும் பரவியது. கொல்லம் ஆண்டு 1090, அதாவது 1914-15இல் மூண்ட அந்த மோதலுக்குத் ‘தொண்ணூறாமாண்டு லஹள’ என்றும் ‘புலைய லஹள’ என்றும் பெயர் விழுந்தது. படிக்க வந்த பிள்ளையின் சாதிப் பெயர் லஹளவுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. தீ வைத்தவரின் பெயர் எங்கும் ஒட்டவில்லை. 2022இல் அந்தப் பள்ளிக்கு அய்யங்காளி, பஞ்சமி இருவரின் பெயரும் சூட்டப்பட்டது. அன்றைய தீயில் கருகிய பெஞ்சு ஒன்றை இன்றும் அங்கே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். வரலாற்று நூல்களில் அந்த ஆண்டு இன்னமும் லஹள என்ற பெயரோடுதான் நிற்கிறது.